ஸ்டேவ் தேவாலயங்களில் உண்மையான இடைக்கால ஓவியம் எங்கே இருக்கிறது?

கேள்வி இது: "நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களுக்குள் எடுத்த படங்களில் சுவர் முழுக்க வண்ண ஓவியம் தெரிகிறது. அவையெல்லாம் 12, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையா? மரப்பலகையில் தீட்டியது இத்தனை காலம் எப்படித் தாங்கியது? நேரில் பார்க்க எங்கே போகலாம்?"

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் இல்லை. ஸ்டேவ் தேவாலயம் எனப்படும் இந்த மரக் கட்டடம் இடைக்காலத்தது, ஆனால் சுவரில் நீங்கள் பார்க்கும் பூவும் கொடியும் திரைச்சீலைக் கோலமும் அனேகமாக 17ஆம் நூற்றாண்டு வேலை. ஹெட்டால் தேவாலயம் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் சுவரில் படர்ந்திருக்கும் பூ ஓவியம் 1668இல் தீட்டியது. அதற்கு அடியில் இருந்த, 1300ஐ ஒட்டிய பழைய ஓவியத்தின் துண்டுகள் சில இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. உவ்டாலின் அலங்காரம் 1656இல் தொடங்குகிறது. இப்போது ஒஸ்லோவில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் கோல் தேவாலயத்தின் பலிபீடப் பகுதி ஓவியம் 1652ஆம் ஆண்டுக்குரியது. ஸ்வீடனிலும் இதே கதைதான். அந்த நாட்டில் மிஞ்சிய ஒரே இடைக்கால ஸ்டேவ் தேவாலயமான ஹெடாரெட் 1500ஐ ஒட்டிக் கட்டியது, அதன் உள் ஓவியம் 1735. அந்தப் பிற்கால ஓவியங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றுக்கென்று தனி அழகு உண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'இடைக்கால ஓவியம்' என்று எழுதிவிட்டால், உண்மையிலேயே இடைக்காலத்ததான, அளவில் சிறிய, வியக்கத்தக்க ஒரு தொகுதி கண்ணில் படாமலே போய்விடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம்.

அந்தத் தொகுதி எங்கே இருக்கிறது என்றால், பலிபீடத்தைச் சுற்றி. இதைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டடத்தின் உள்ளே இருந்த வெளிச்சத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலத்தில் போட்ட மரச்சட்டத்தின் மேல் நெட்டுக்குத்தாகத் தூண்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே பலகைகளைச் செங்குத்தாகப் பொருத்திக் கட்டுவது ஸ்டேவ் முறை. 'ஸ்டேவ்' என்பது அந்தத் தூண். வெளிப்புறம் முழுக்கப் பைன் மரத்திலிருந்து வடித்த தார் பூசுவார்கள். இன்று இருப்பது 28 தேவாலயங்கள். இடைக்காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. இவற்றுக்கு முதலில் ஜன்னலே கிடையாது. சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, கையளவு வட்டத் துளைகள் சில இருக்கும், அவ்வளவுதான். இப்போது காணும் பெரிய ஜன்னல்கள் 16ஆம் நூற்றாண்டில் வந்த லூதரன் சீர்திருத்தத்துக்கு, அதாவது நாடு கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் வழிக்கு மாறியதற்கு, பிறகு அறுத்துத் திறந்தவை. சபையார் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கவும் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடவும் வெளிச்சம் வேண்டியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் சுவர் ஓவியம் பெருகியதற்கும் அந்த ஜன்னல்களுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். சுவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகுதானே அதை அலங்கரிக்கத் தோன்றும்.

1250இல் உள்ளே நின்ற விவசாயிக்குச் சுவர் இருட்டு. மெழுகுவர்த்தி எரிந்த இடம் பலிபீடம். அதனால் ஓவியரின் உழைப்பும் செலவும் அங்கேதான் குவிந்தன. பலிபீடத்தின் முகப்பை மறைக்கும் முன்பலகை, அதற்கு மேலே கவிந்த மர விதானம், சிலுவையும் புனிதர் சிலைகளும், இவைதான் வண்ணம் பெற்றவை.

விதானத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று அற்புதமான விதானங்கள் தப்பியிருக்கின்றன.

ஹாலிங்டால் பள்ளத்தாக்கில் ஓல் என்ற ஊர். அங்கிருந்த ஸ்டேவ் தேவாலயத்தை 1880இல் இடித்துவிட்டார்கள். ஆனால் பலிபீடப் பகுதியின் விதானத்தைப் பலகை பலகையாகக் கழற்றிக் காப்பாற்றினார்கள். இன்று அது ஒஸ்லோவில் வரலாற்று அருங்காட்சியகத்தில், அண்ணாந்து பார்க்கும்படி மறுபடி பொருத்தப்பட்டிருக்கிறது. வடிவம் கூண்டு வண்டியின் மேற்கூடு மாதிரி வளைந்தது. அந்த வளைவின் உட்பக்கம் முழுக்கக் காட்சிகள்: உலகம் படைக்கப்படுவது, ஆதாமும் ஏவாளும், கனியைப் பறிப்பது, பிறகு இயேசுவின் பிறப்பு, அப்புறம் அவர் பட்ட துன்பங்களான பாடுகளும் சிலுவையும் உயிர்ப்பும். காலம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. உருவங்கள் ஒல்லியாக, நீண்ட விரல்களோடு, ஆடை மடிப்புகள் கருப்புக் கோட்டில் வழிந்திறங்கும்படி இருக்கின்றன. அருகில் நின்று பார்க்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கோடுதான். தயக்கமே இல்லாத கை. மலைக்கிராமத்துத் தேவாலயம் என்பதால் வேலை கரடுமுரடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவோம்.

அதே பள்ளத்தாக்கில், ஓலுக்குப் பக்கத்தில் டோர்போ. மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துப் போட்ட கணக்குப்படி இதற்கான மரம் வெட்டியது 1192ஐ ஒட்டி. இங்கேயும் 1880இல் புதுத் தேவாலயம் கட்டும்போது பழையதன் பலிபீடப் பகுதியை இடித்தார்கள். நடுக்கூடம் மட்டும் நிற்கிறது. ஆனால் கூடத்தின் கிழக்குக் கோடியில், பலிபீடப் பகுதியின் வாயிலுக்கு முன்னால் இருந்த விதானம் அப்படியே அதன் இடத்திலேயே இருக்கிறது. நடுவில் மகிமையோடு வீற்றிருக்கும் கிறிஸ்து, இருபுறமும் திருத்தூதர்கள். கூட்டத்தைப் பார்த்த வளைவு முகப்பில் புனித மார்கரெட்டின் கதை. ஒலிப்ரியுஸ் என்ற ஆளுநர் தன்னை மணக்கச் சொல்லி வற்புறுத்த, அவள் மறுக்க, சித்திரவதை செய்து கடைசியில் தலையை வெட்டுகிறார்கள். நாகத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவள் என்ற கதையால் மார்கரெட் பேறுகாலத்தில் பெண்கள் வேண்டிக்கொள்ளும் புனிதராக ஐரோப்பா முழுக்க இருந்தாள். பிரசவம் என்றால் உயிர்போகும் ஆபத்து என்றிருந்த ஊரில், கூட்டம் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் அவளை வைத்ததில் வியப்பில்லை.

டோர்போவில் இன்னொன்றும் உண்டு. கட்டியவர் பெயர், வடநாட்டாரின் பழைய எழுத்தான ரூன் எழுத்தில் மரத்தில் வெட்டியிருக்கிறது: தோரோல்ஃப். அவரோடு வேலை செய்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. தச்சனின் பெயர் எண்ணூறு வருடம் நிலைத்துவிட்டது, ஓவியரின் பெயர் கிடையாது. நார்வேயின் இடைக்காலப் பலகை ஓவியங்கள் எல்லாமே ஆசிரியர் பெயர் தெரியாதவைதான்.

மூன்றாவது, சோக்ன் பகுதியில் விக் என்ற ஊரிலுள்ள ஹாப்பர்ஸ்டாட். அங்கே வடபுறத்தில் ஒரு துணைப் பலிபீடத்துக்கு மேலே தூண்கள் தாங்கிய தனி விதானம். முகப்பில் செதுக்கிய தலைகள், உள்வளைவில் இயேசுவின் பிறப்பும் குழந்தைப் பருவமும். காலம் 1300ஐ ஒட்டியது. மூன்றிலும் சிறியது இதுதான், ஆனால் தலைக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் ஓவியம் இருப்பதால் பார்ப்பவருக்கு அதிக நெருக்கமானது.

இப்போது முன்பலகைக்கு வருகிறேன். 1250க்கும் 1350க்கும் இடையில் தீட்டிய முப்பதுக்கும் மேற்பட்ட முன்பலகைகள் நார்வேயில் மிஞ்சியிருக்கின்றன. அதே காலத்தில் ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் இதைவிட எத்தனையோ மடங்கு இருந்திருக்கும். மதச் சண்டையிலும் நாகரிக மாற்றத்திலும் அவை போய்விட்டன. இங்கிலாந்தில் மிஞ்சியது கைவிரல் விட்டு எண்ணக்கூடியது. அதனால் வடமேற்கு ஐரோப்பாவின் 13ஆம் நூற்றாண்டுப் பலகை ஓவியத்தைப் படிக்க நினைப்பவர் நார்வேக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பெரும்பகுதி பெர்கன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லாமே மரத் தேவாலயங்களிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. கின்சார்விக் போன்ற கல் தேவாலயங்களிலிருந்து வந்தவையும் உண்டு.

இவற்றின் உண்மையான சிறப்பு ஓவிய முறையில் இருக்கிறது. ப்ளாட்டர் என்ற ஒஸ்லோ ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆண்டுகளாக இந்தப் பலகைகளின் வண்ணப் படலங்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார்கள். அதில் தெரிந்தது: பைன் பலகைகளை இணைத்து, சீமைச் சுண்ணாம்புத் தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பல முறை பூசி, வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். அதன் மேல் எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை ஒரு பூச்சு. கிறிஸ்துவின் பின்புலமும் ஒளிவட்டமும் வர வேண்டிய இடத்தில் வெள்ளி ரேக்கு ஒட்டி, அதற்கு மேல் மஞ்சள் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது தங்கமாகவே தெரியும். தங்கம் வாங்க வழியில்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! பிறகு சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், செம்புத் தாதிலிருந்து எடுத்த நீலம், செம்புக் களிம்புப் பச்சை எல்லாம் ஆளி விதை எண்ணெயில் குழைத்துத் தீட்டியிருக்கிறார்கள்.

எண்ணெய் என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் 15ஆம் நூற்றாண்டு பிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய இத்தாலியர் வசாரி 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இன்றும் பள்ளிப் பாடத்தில் அந்தக் கதை வருகிறது. வான் ஐக் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு முன்பே நார்வேயின் கடலோர ஊர்களில் முழுப் பலகைகளையும் எண்ணெயில் தீட்டியிருக்கிறார்கள். வான் ஐக் அந்த முறையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பது சரி. தொடக்கம் அவரிடம் இல்லை. இடைக்கால நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் பேசிய பழைய நார்ஸ் மொழியில் செய்முறைக் குறிப்பே ஒன்று கிடைத்திருக்கிறது. 1387இல் ஐஸ்லாந்தில் எழுதிய ஒரு கையெழுத்துப் பிரதியில், மரச் சிலைக்குச் சுண்ணாம்பு அடித்தளம் போட்டு வண்ணம் ஏற்றுவது எப்படி என்று துண்டாக ஒரு பகுதி வருகிறது. நுண்ணோக்கியில் தெரிந்ததும் அந்தக் குறிப்பும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது? கடல் வழியாக. 1217 முதல் 1263 வரை ஆண்ட நார்வே அரசர் ஹோகன் ஹோகன்சன் காலத்தில் பெர்கனுக்கும் இங்கிலாந்துக்கும் நெருக்கமான போக்குவரத்து இருந்தது. வரலாற்றாசிரியரும் ஓவியருமான மேத்யூ பாரிஸ் என்ற ஆங்கிலத் துறவி 1248இல் நார்வேக்கே வந்தார். ஃபோபெர்க் தேவாலயத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்த புனித பேதுரு பலகையை அவருடைய பாணியோடு ஒப்பிட்டு இன்றும் விவாதிக்கிறார்கள். உயரமான, சற்றே வளைந்து நிற்கும் பேதுரு, கையில் பெரிய சாவி. அதை அவரே தீட்டினாரா, அவரைப் பார்த்து வேறொருவர் தீட்டினாரா என்பதைவிட, லண்டனில் அரசனுக்காக வேலை செய்தவர்களின் நாகரிகம் சில வருடங்களில் நார்வே மலையூருக்கு வந்து சேர்ந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடல் வழியாக அழகு மட்டும் வரவில்லை. கின்சார்விக் முன்பலகையில் சிலுவைக்கு இருபுறமும் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி திருச்சபை, முடிசூடி நிமிர்ந்து நிற்கிறாள். மற்றவள் யூத மதத்தின் உருவகம், தோற்றுத் துவண்டவளாகக் காட்டப்படுகிறாள். அன்றைய நார்வேயில் யூதர்கள் குடியிருந்ததற்குச் சான்று கிடையாது. கண்ணால் பார்த்திராத மக்கள்மேல் வெறுப்பு, ஓவிய மாதிரிகளோடு சேர்ந்து இறக்குமதியாகியிருக்கிறது. ஓல் விதானத்தின் பாடுகள் காட்சியிலும் இயேசுவைத் துன்புறுத்துவோரின் முகங்களை வேண்டுமென்றே கோரமாக்கியிருக்கிறார்கள். ஓவியத்தை ரசிக்கும்போது இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

கதைக்காகப் பார்ப்பதென்றால் இரண்டு பலகைகளைச் சொல்வேன். ஒன்று நெட்ஸ்ட்ரின் முன்பலகை. பாரசீக அரசன் கோஸ்ரோ ஜெருசலேமிலிருந்து திருச்சிலுவையைக் கவர்ந்து செல்வதும், பைசாந்தியப் பேரரசன் ஹெராக்ளியுஸ் போரிட்டு அதை மீட்பதும் காட்சி காட்சியாக வருகின்றன. வெற்றியோடு குதிரையில் வரும் பேரரசனுக்கு முன்னால் ஜெருசலேம் வாசல் அடைத்துக்கொள்கிறது. தேவதூதர் தோன்றிக் கண்டித்த பிறகு, அவன் ஆடம்பரத்தைக் களைந்துவிட்டுத் தாழ்மையோடு நுழைகிறான். படங்களுக்கு விளக்கமாகப் பழைய நார்ஸ் மொழியிலேயே எழுத்து இருக்கிறது. லத்தீன் தெரியாத ஊர்க்காரர்களை மனதில் வைத்துச் செய்தது என்பது வெளிப்படை.

மற்றொன்று புனித ஓலாவ் முன்பலகை, டிரோண்ட்ஹெய்மின் நிடாரோஸ் பேராலயத்தில் இருக்கிறது. 1030இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்த அரசன் ஓலாவ் நடுவில் கோடரியோடு நிற்கிறார். சுற்றிலும் நான்கு காட்சிகள்: தனக்கு எதிராகப் போரிட்டுச் சாகப்போகிறவர்களின் ஆன்ம சாந்திக்காகப் பணம் கொடுப்பது, போருக்கு முன் ஏணி வானத்தைத் தொடுவதாகக் கனவு காண்பது, வெட்டுண்டு விழுவது, உடலைப் புனிதப் பேழையில் வைப்பது. இது 17ஆம் நூற்றாண்டிலேயே டென்மார்க்குக்குப் போய்விட்ட பலகை. ஓலாவ் இறந்து 900 ஆண்டு நிறைந்த 1930இல் நார்வேக்குத் திரும்பியது.

சரி, எப்படித் தாங்கின? முதல் காரணம், நார்வேயின் சீர்திருத்தம் கொஞ்சம் மென்மையானது. 1537இல் டென்மார்க் அரசன் ஆணையால் லூதரன் மதம் வந்தபோது, சுவிட்சர்லாந்திலோ நெதர்லாந்திலோ நடந்த மாதிரி படங்களைக் கும்பலாக உடைக்கவில்லை. முன்பலகை பழைய இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்பே, 1349இல் வந்த கொள்ளை நோய் மக்கள்தொகையைப் பாதியாக்கியதால் புதிதாக வாங்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. பழையதை மாற்றாமல் விட்டார்கள். அந்த ஏழ்மைதான் இவற்றைக் காப்பாற்றியது.

இரண்டாவது காரணம் குளிர். சூடேற்றாத கட்டடத்தில் காற்றின் ஈரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மரமும் அதோடு மெதுவாக ஊதிச் சுருங்கும், மேலே உள்ள வண்ணம் ஈடுகொடுக்கும். ஆபத்து வந்தது பிற்காலத்தில், தேவாலயங்களுக்குள் அடுப்பும் மின்சூடேற்றியும் வைத்த பிறகு. குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வழிபாட்டுக்காகச் சட்டென்று சூடேற்றினால் காற்று வறண்டு, பலகை குறுக்குவாட்டில் சுருங்கும். வஜ்ஜிரமும் சுண்ணாம்பும் கலந்த அடித்தளத்துக்கு அந்த வேகத்தில் சுருங்கத் தெரியாது. விளிம்பு தூக்கிக்கொண்டு செதில் செதிலாக உதிரும். நார்வேயில் பாதுகாப்பு வல்லுநர்கள் பூதக்கண்ணாடியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் செதில்களைத்தான். வெள்ளி ரேக்கின் கதையும் சோகமானது. வார்னிஷ் தேய்ந்த இடங்களில் வெள்ளி கறுத்துவிட்டது. இன்று சாம்பல் நிறமாகத் தெரியும் பின்புலம் பலவும் ஒரு காலத்தில் பொன்னாக மின்னியவை.

இழப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 19ஆம் நூற்றாண்டுதான் மிகக் கொடுமையானது. ஒரு பகுதியின் மக்களில் பத்தில் மூன்று பங்கு பேர் தேவாலயத்துக்குள் இடம் பெற வேண்டும் என்று 1851ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சின்னச் சின்ன ஸ்டேவ் தேவாலயங்கள் அந்தக் கணக்கில் தோற்றுப்போய் இடிபட்டன. ஓலும் டோர்போவும் அப்படி அடிபட்டவைதான். 1844இல் ஓவியர் டால் முதலானோர் தொடங்கிய தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம் தன்னால் முடிந்ததை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது. டோர்போ இன்றும் அந்தச் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

ஸ்வீடனின் இழப்பு நம் காலத்தில் நடந்தது. வேர்ம்லாந்தில் சோட்ரா ரோடா என்ற தேவாலயம், ஸ்டேவ் முறையில் இல்லாமல் மரக்கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கிக் கட்டியது. உள்ளே மரத்தாலான வளைகூரை. பலிபீடப் பகுதியை 1323இல் தீட்டியிருந்தார்கள், நடுக்கூடத்தை 1494இல் அமுண்ட் என்ற ஓவியர் தீட்டியிருந்தார். சுவரும் கூரையும் ஒரு அங்குலம் விடாமல் ஓவியம். கேள்வியில் வந்த 'சுவர் முழுக்க இடைக்கால ஓவியம்' என்ற கனவுக்கு உண்மையிலேயே பொருந்திய மரக் கட்டடம் அது. 2001 நவம்பரில் ஒருவர் வைத்த தீயில் முழுதாக எரிந்துபோனது. பிறகு 2007இல் அதே இடத்தில், கோடரியும் கைக்கருவிகளுமாக, இடைக்கால முறையிலேயே கட்டடத்தைத் திரும்ப எழுப்பத் தொடங்கினார்கள். மரவேலையில் மறந்துபோன எத்தனையோ நுட்பங்கள் அதில் மீண்டும் தெரியவந்தன. ஓவியம் போனது போனதுதான், இப்போது படங்களில் மட்டுமே.

ஸ்வீடனுக்குப் போகிறவர்கள் ஸ்மோலாந்தின் டேடெஷோவைப் பாருங்கள். கட்டடம் கல், ஆனால் தட்டையான மரக்கூரை முழுக்க 13ஆம் நூற்றாண்டு வட்ட ஓவியங்கள். சிக்முண்டர் என்று ஓவியரின் பெயரே அதில் இருக்கிறது. இயேசுவின் பிறப்புக் கதையோடு, ஏரோது அரசனின் குதிரைக்காரன் ஸ்டேபான் நட்சத்திரத்தைக் கண்டதும், 'பொரித்த சேவல் எழுந்து கூவினால் நம்புகிறேன்' என்று ஏரோது சொல்ல, சேவல் எழுந்து கூவியதுமான வடநாட்டுக் கதையும் வருகிறது. 1794இல் புதுத் தேவாலயம் வந்ததும் இதைத் தானியக் கிடங்காக்கினார்கள். புதுப்பிக்கிறோம் என்று யாரும் கைவைக்காததால் கூரை பிழைத்தது.

நார்வேயில் ஒரு வாரம் இருந்தால் என் வரிசை இப்படி: ஒஸ்லோவில் ஓல் விதானமும் ஃபோபெர்க் பேதுருவும். அங்கிருந்து பெர்கன் போகும் ரயில் ஹாலிங்டால் வழியாகத்தான் போகிறது, இடையில் இறங்கி டோர்போ. பிறகு சோக்னில் ஹாப்பர்ஸ்டாட். கடைசியாகப் பெர்கனில் முன்பலகைகள். கிராமத்துத் தேவாலயங்கள் கோடையில் மட்டுமே பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கும், அருங்காட்சியக அரங்குகளும் சில சமயம் சீரமைப்புக்காக மூடிக்கிடக்கும், கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். டோர்போவில் உள்ளே போனதும் டார்ச்சைத் தேடிக் கையை நீட்ட வேண்டாம், முதலில் சில நிமிடம் கூடத்தின் மேற்குக் கோடியில் நின்று இருட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள். சிவப்புதான் முதலில் தெரியும், பிறகு முகங்கள்.